குண்டிக்காயும் சிறுநீரகமும்: உறுப்பொன்றின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

தமிழ் விவிலியத்தின் லேவியராகமத்தில், பலியிடப்படும் விலங்கின் அவயவங்கள் கூறப்படுமிடத்துக் 'குண்டிக்காய்' என்ற சொல் வருகின்றது. சங்கீதங்களிலோ, இறைவன் சோதித்தறியும் மனிதனின் அந்தரங்கமாக எபிரேய மூலத்தில் அதே உறுப்புக் குறிக்கப்படும்போது, மொழிபெயர்ப்பாளர் 'உள்ளிந்திரியம்' எனும் வடமொழி கலந்த சொல்லை நாடிச் செல்கின்றனர். விலங்குக்கு ஒரு சொல்லும் பக்தனுக்கு இன்னொரு சொல்லுமாக உறுப்பு இரண்டாகப் பிளவுண்டது. பின்னர், இருபதாம் நூற்றாண்டில், பாடநூற்றமிழ் 'சிறுநீரகம்' என்ற சொல்லை நிலைநாட்டிற்று. குண்டிக்காய் இறைச்சிக் கடையோடு நின்றுவிட்டது. சென்னையின் குடிசைப் பகுதிகளிலும் கொழும்பின் தனியார் மருத்துவமனை வாயில்களிலும் இன்று புழங்குவது இவை எதுவுமன்று, அது 'கிட்னி'. விலை பேசப்படும் உறுப்புக்கு விலை பேசுவோரின் மொழியிலிருந்து பெயர் வந்து சேர்ந்தமை தற்செயலானதெனக் கொள்வதற்கில்லை.

இவ்வுறுப்புக் கருவில் எவ்வாறு தோன்றுகின்றது என்பது பற்றிய அறிவும், மூலவுயிர்க்கலங்களிலிருந்து அதனை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுக்கும் அண்மைக்கால முயற்சிகளும் எத்தகைய சமூக வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்கப்பட வேண்டியவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய மாணவனொருவனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று வினவப்படலாம். கருவின் மாதவாரியான நிலைகளைத் திருவாசகத்துப் போற்றித் திருவகவல் வாயிலாகவும் திருமந்திரத்தின் கர்ப்பக்கிரியைப் பகுதி வாயிலாகவும் நெடுங்காலம் கற்பித்து வந்தோர் தமிழாசிரியர்களே என்பதை நினைவூட்டுவதோடு அமைகின்றேன்.

மரபுவழித் தமிழ் மருத்துவம் சிறுநீரை நுணுகி நோக்கியது. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்கள் நீரின் நிறம், மணம், நுரை, அதன்மீது இட்ட எண்ணெய்த் துளி பரவும் வடிவம் என்பவற்றைக் கொண்டு நோயை நிதானிக்கும் முறையை விரித்துரைக்கின்றன. ஆயின், நீரை வடிக்கும் உறுப்பின் உள்ளமைப்புப் பற்றி அம்மரபு பேசுவது குறைவு. அறியும் ஆவல் இல்லாமையே இதற்குக் காரணம் என்பாருளர். அது மேலோட்டமான விளக்கம். பிணத்தைத் தொடுதல் தீட்டாகவும், தொடுவோர் தீண்டத்தகாதோராகவும் வகுக்கப்பட்ட சமூகத்தில், கையால் அறிந்தவன் எழுதவில்லை. எழுதியவன் கையால் அறியவில்லை. உடல் உழைப்பும் அறிவு உழைப்பும் பிரிந்து நின்றதன் விளைவு மருத்துவத்திலும் பதிந்தது.

கருவின் தோற்றம் பற்றிய தத்துவச் சர்ச்சையிலும் இத்தகைய பிரிவினைகள் உண்டு. காரணத்துள் காரியம் ஏற்கெனவே உளது என்பது சாங்கியரின் சற்காரியவாதம். சைவசித்தாந்தமும் அதனைத் தழுவிற்று. காரியம் புதிதாகத் தோன்றுவதே என்றனர் நையாயிகர். ஐரோப்பாவிலும் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் இதற்கு ஒப்பான விவாதம் நிகழ்ந்தது. முழுமனிதன் நுண்வடிவிற் கருவுக்குள் முன்னமே அமைந்துள்ளான்; வளர்ச்சி என்பது பருமன் கூடுதலேயன்றி வேறில்லை என்ற முன்னுருவாக்கக் கொள்கை அங்கு கோலோச்சியது. உலகம் படைக்கப்பட்ட நாளிலேயே யாவும் வகுத்து வைக்கப்பட்டன என்ற கருத்து, பிறப்பால் அமைந்த படிநிலைகளைப் பேணிய நிலப்பிரபுத்துவ ஐரோப்பாவுக்கு உவப்பாயிருந்ததில் வியப்பில்லை.

இதனை எதிர்த்தவர் பேர்லினிற் பிறந்த காஸ்பர் பிரீட்ரிக் வுல்ப். கோழிக்குஞ்சின் முளையத்தை உருப்பெருக்கியால் நோக்கிய அவர், உறுப்புகள் முன்னமே இருப்பவையல்ல, உருவற்ற பொருளிலிருந்து படிப்படியாக உருவாகின்றன என்று 1759இல் தமது நூலில் நிறுவ முயன்றார். அக்கால உடலியலின் பேராசானாக மதிக்கப்பட்ட ஹாலர் அவரை ஏற்கவில்லை. 1767இல் வுல்ப் சென் பீற்றர்ஸ்பேர்க் நகர் சென்று அங்கேயே வாழ்ந்து மறைந்தார். ஏங்கெல்ஸ், இயற்கையின் இயங்கியல் முன்னுரையில், ஞாயிற்றுத் தொகுதியின் நித்தியத்தன்மையைக் கான்ற் தாக்கிய ஏறத்தாழ அதே காலத்தில் உயிரினங்களின் மாறாத்தன்மையைத் தாக்கியவராக வுல்பைப் போற்றுவது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. வுல்ப் கண்டறிந்த முளைய உறுப்பொன்று இன்றும் அவர் பெயரால் 'வுல்பின் உடலம்' எனப்படுகின்றது. அது வேறெதுவுமன்று, கருவில் தோன்றி மறையும் சிறுநீரகமே.

மனித முளையத்தில் சிறுநீரகம் ஒருமுறையன்று, மூன்று முறை தோன்றுகின்றது. நான்காம் வாரத்தில் கழுத்துப் பகுதியில் முதலாவது தோன்றி, எவ்விதத் தொழிலும் ஆற்றாமலே அழிகின்றது. அதன்பின் உடலின் நடுப்பகுதியில் இரண்டாவது, அதாவது வுல்பின் உடலம், தோன்றிச் சிறிதுகாலம் இயங்கி மறைகின்றது. மீன்களிலும் ஈரூடகவாழிகளிலும் இந்நிலையை ஒத்த உறுப்பே வாழ்நாள் முழுவதும் தொழிற்படுகின்றது. ஐந்தாம் வாரத்தில் இடுப்புக்குழியில் மூன்றாவது தோன்றுகின்றது. அதுவே நிலைத்து, மேனோக்கி நகர்ந்து முதுகின் இருமருங்கும் அமர்கின்றது. அழியும் இரண்டாவதன் கான் வீணாவதில்லை. ஆணில் அது விந்தைக் கொண்டு செல்லும் குழாயாக மாறுகின்றது. மூன்றாவதைத் தோற்றுவிக்கும் அரும்பும் அதிலிருந்தே கிளைக்கின்றது. பழைய அமைப்பின் கூறுகள் புதியதன் கட்டுமானப் பொருளாவதை வரலாற்று மாணவர் வேறிடங்களிலும் கண்டிருப்பர்.

மூன்றாவது சிறுநீரகத்தின் உருவாக்கம் இருவேறு இழையங்களின் ஊடாட்டமாகும். ஒன்று கானிலிருந்து கிளைக்கும் அரும்பு. மற்றையது அதனைச் சூழ்ந்த தளர்ந்த இடையிழையம். இடையிழையம் சுரக்கும் புரதமொன்று அரும்பை ஈர்த்துக் கிளைவிடச் செய்கின்றது. கிளைவிட்ட அரும்பின் நுனிகள் அனுப்பும் சைகை, இடையிழையக் கலங்களைத் திரளச் செய்கின்றது. திரண்ட கலங்கள் சிறு குமிழாகி, வளைந்து, நீண்டு, ஒரு முனையில் குருதி மயிர்க்குழாய்களின் கலன்கோளத்தைத் தழுவி, மறுமுனையில் அரும்பின் கிளையோடு இணைந்து ஒரு சிறுநீரகத்தியாகின்றன. அரும்பு மரமாகக் கிளைக்கக் கிளைக்க, ஒவ்வொரு நுனியிலும் சிறுநீரகத்திகள் தோன்றுகின்றன. 1950களில் அமெரிக்கரான குறொப்ஸ்ரைன் எலி முளையத்தின் இவ்விரு இழையங்களையும் பிரித்து வளர்த்து, தனித்து நிற்கையில் இரண்டுமே உருப்பெறாமையையும், மெல்லிய வடிதாளொன்று இடையே இருப்பினும் அருகருகே வைத்தாற் சிறுகுழாய்கள் உருவாவதையும் காட்டினார். ஹெல்சிங்கியில் லௌரி சக்சேன் இவ்வாய்வை மேலும் வளர்த்து 1987இல் தனிநூலாக்கினார்.

இதனைக் கண்டவுடன் 'இதோ இயங்கியல்!' எனக் கூவும் ஆசை நம்மவர்க்கு எழுவது இயல்பே. அவ்வாசையை அடக்கிக்கொள்வது நன்று. கொள்கையை முன்வைத்து இயற்கையை அதற்கு வளைத்த லைசெங்கோவினால் சோவியத் உயிரியலுக்கு நேர்ந்த கேட்டினை மார்க்சியர் மறத்தல் ஆகாது. கலங்களுக்கு ஹெகலைத் தெரியாது.

ஆயினும், அண்மைக்கால ஆய்வில் வரலாற்று நோக்குடையோர் கவனிக்க வேண்டிய ஓர் அம்சம் உண்டு. 2006இல் ஜப்பானியரான யமனாகாவும் தகாஹாஷியும் எலியின் முதிர்ந்த தோற்கலங்களை, நான்கு பரம்பரையலகுகளைச் செலுத்தி, முளையநிலைக்குத் திருப்பினர். அடுத்த ஆண்டு மனிதக் கலங்களிலும் இது கைகூடிற்று. அவ்வாறு திருப்பப்பட்ட மூலவுயிர்க்கலத்தை நேரே சிறுநீரகமாக மாற்றிவிட முடியுமா? முடியாது என்பதே கிடைத்த விடை. குமமொட்டோவில் தகுச்சியும் நிஷினகமுராவும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, அரும்பும் இடையிழையமும் முளையத்தின் வெவ்வேறு இடங்களிலும் வெவ்வேறு காலங்களிலும் பிரிபவை என்பதைக் காட்டி, இடையிழையத்தைப் பெறுவதற்கு முளையம் கடந்த படிகளைக் கலமும் அதே ஒழுங்கிற் கடக்க வேண்டும் என்பதை உணர்த்திற்று. அவுஸ்திரேலியாவில் தகசாதோவும் மெலிசா லிற்றிலும் 2015இல் இருவகை இழையங்களும் ஒருங்கே அமைந்த சிறு திரளைப் பெற்றனர். படிகளைத் தாண்டிக் குதிக்க முயன்ற முறைகள் பயன் தரவில்லை. ஒவ்வொரு படியின் கால அளவையும் கலம் கோருகின்றது. அதே ஆண்டில் பொஸ்ரன் ஆய்வாளரும் வேறு வழிகளில் இதனைச் சாதித்தனர்.

இவ்வாறு கிடைப்பதை 'உறுப்புரு' எனலாம். சில மில்லிமீற்றர் அளவினதான அத்திரளில் கலன்கோளங்களும் சிறுகுழாய்களும் உள. எனினும் அது சிறுநீரகமன்று. அதன் முதிர்ச்சி கருவின் முதல் மூன்று மாதங்களுக்கு ஒப்பானது. குருதியோட்டம் அதற்கில்லை, எலியின் சிறுநீரக உறைக்கடியில் நட்டாற் குருதிக்கலன்கள் அதனுட் புகுகின்றன. உண்டாகும் நீர் வெளியேற ஒரே வடிகாலும் இல்லை. நரம்பு, தசை போன்ற வேண்டாத கலங்களும் கலந்து தோன்றுகின்றன. 2023இல் குவாங்சோ ஆய்வாளர் பன்றி முளையத்துள் மனித மூலவுயிர்க்கலங்களைப் புகுத்தி, 28 நாள் வரை வளர்ந்த முளையங்களில் மனிதக் கலங்கள் பாதிக்கு மேல் அமைந்த சிறுநீரகத்தைப் பெற்றனர். அதுவும் இரண்டாம் நிலையான வுல்பின் உடலமே. நோயாளிக்குப் பொருத்தக்கூடிய முழு உறுப்பு, செய்தித்தாள்கள் நம்பச் சொல்வதைவிடத் தொலைவில் இருக்கின்றது.

இனி நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். மசாசூசெற்சிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், ஆங்கிலங் கற்றோர் அரசாங்க உத்தியோகம் நாடி ஊரைவிட்டகல்வதைக் கண்டு 1860களிற் தமிழுக்கு மாறினார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவராலும் அவர் மாணவராலும் தமிழாயின. இவற்றுள் 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம், கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவியது. 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் மொழிபெயர்ப்புப் பணியை அவர் கைவிடவில்லை. கிறீன் ஒரு சமயப் பரப்பாளர். அவர் கையாண்ட நடை வடமொழி மிக்கது. அவர் கல்வி எட்டாத சாதிகளும் பல. இவையெல்லாம் கூறப்பட வேண்டியவையே. ஆயினும் கிராமத்து நோயாளியின் மொழியிலேயே மருத்துவன் சிந்திக்க வேண்டுமென்ற அவரது நிலைப்பாட்டை, நமது தேசிய முதலாளித்துவம் இற்றைவரை எட்டிப் பிடிக்கவில்லை.

அதே காலத்தில் கொழும்பில் நிகழ்ந்தது வேறு. வன்னிப் பிரதேசம் நோயினாற் குடியழிந்து வருவது பற்றி ஆராய அனுப்பப்பட்ட ஜேம்ஸ் லூஸ் என்ற மருத்துவரின் அறிக்கை, உள்நாட்டவரை மருத்துவராகப் பயிற்ற வேண்டுமென விதந்துரைத்தது. இதன் விளைவாக 1870 யூன் 1ஆம் நாள், மருதானையை அடுத்த பொது மருத்துவமனையில், 25 மாணவருடன் கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. லூஸ் அதன் முதல் அதிபரானார். வன்னி விவசாயியின் பிணியை முன்னிட்டுப் பிறந்த கல்லூரி, வன்னி விவசாயி அறியாத மொழியில் நடந்தது. இன்றும் மருத்துவ பீடங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றன. உயர்தர வகுப்பில் 'சிறுநீரகத்தி' என்று தமிழிற் கற்று வரும் மாணவி, பீடத்துட் புகுந்த முதல் வாரத்திலேயே அச்சொல்லை வெளியே விட்டுவிட நேர்கின்றது. மறுபடியும் அவளுக்கு அச்சொல் தேவைப்படுவது நோயாளியின் முன்னிலையில். அப்போது அது வாய்க்கு வருவதில்லை.

மருதானைப் புகையிரத நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், மாளிகாவத்தையில், தேசிய சிறுநீரக நோய், குருதிச் சுத்திகரிப்பு, மாற்றீட்டு நிறுவகம் அமைந்துள்ளது. வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வடமத்திய மாகாணத்திலிருந்தும் வருவோர் அங்கு காத்திருப்பர். சிங்களத்தில் இவ்வுறுப்பு 'வகுகடுவ'. கொழும்பு வரும் தமிழ் நோயாளி பலர் பெயர்ப்பலகையிலே கற்றுக்கொள்ளும் முதற் சிங்களச் சொற்களுள் இதுவும் ஒன்று.

வடமத்திய மாகாணத்தின் மதவாச்சி, பதவியா முதலிய இடங்களில் 1990களின் தொடக்கத்திலிருந்து, நீரிழிவோ உயர்குருதியமுக்கமோ இல்லாத விவசாயிகளிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் பரவி வருவது கண்டறியப்பட்டது. வவுனியா மாவட்டமும் இதிலிருந்து தப்பவில்லை. லூஸ் பார்த்த உலர்வலயமும் இதுவும் அடுத்தடுத்த நிலங்களே. இடையில் 1930களிலிருந்து குடியேற்றத் திட்டங்களும், பின்னர் பசுமைப் புரட்சியின் உரங்களும் களைகொல்லிகளும் வந்து சேர்ந்தன. காரணம் பற்றி ஒருமித்த முடிவில்லை: கடினநீரும் புளோரைட்டும், கட்மியம், விவசாய இரசாயனங்கள், கொளுத்தும் வெயிலில் நீரருந்தாது உழைத்தல் எனப் பலவும் கூறப்படுகின்றன. மத்திய அமெரிக்கக் கரும்பு வெட்டுவோரிடையேயும் ஆந்திரத்து உத்தானத்திலும் இதையொத்த நோய் காணப்படுகின்றது. நிலத்தில் உழைப்போரையே அது எங்கும் தேர்ந்தெடுக்கின்றது. 2015இல் கிளைபொசேற் களைகொல்லி இலங்கையிற் தடைசெய்யப்பட்டது. 2018இல் அத்தடை தேயிலை, இறப்பர்ச் செய்கைக்காகத் தளர்த்தப்பட்டது. தளர்வு எந்தப் பயிர்களுக்கு முதலிற் கிடைத்தது என்பதை வாசகர் கவனிப்பாராக.

கருவியலும் வர்க்கமும் மிக நெருங்கிச் சந்திக்கும் இடம் இன்னொன்று உண்டு. ஒரு சிறுநீரகத்திற் சராசரியாகப் பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் எனப் பாடநூல் கூறும். உண்மையில் ஆளுக்காள் இத்தொகை இரண்டு இலட்சத்திலிருந்து இருபது இலட்சத்துக்கு மேல் வரை வேறுபடும். கருவின் 36ஆம் வாரமளவில் இவற்றைத் தோற்றுவிக்கும் மூலவுயிர்க்கலங்கள் தீர்ந்துவிடுகின்றன; அதன்பின் மனிதனுக்குப் புதிய சிறுநீரகத்தி ஒன்றேனும் கிடையாது. மொத்தத்தில் ஏறக்குறைய அறுபது வீதம் கடைசி மூன்று மாதங்களிலேயே அமைகின்றன. தாயின் ஊட்டம் குன்றி எடை குறைந்து பிறக்கும் குழந்தை குறைந்த தொகையுடன் பிறக்கின்றது. 1988இல் பிறெனரும் அவர் சகபாடிகளும் இதற்கும் பிற்கால உயர்குருதியமுக்கத்துக்கும் தொடர்புண்டெனக் கருதினர். 2003இல் ஜேர்மனியில், விபத்தில் இறந்தோரின் சிறுநீரகங்களை எண்ணிப் பார்த்தபோது, உயர்குருதியமுக்கம் உடையோரிடம் ஏறத்தாழ ஏழு இலட்சமும் மற்றையோரிடம் பதினான்கு இலட்சமும் இருக்கக் காணப்பட்டன.

நமது தோட்டப்புறங்களோடு இதனைப் பொருத்தி நோக்குவோமாயின் நிலைமை தெளிவாகும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வளர்ச்சி குன்றியோர் நாடளாவிய ரீதியில் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். எடை குறைந்த பிறப்புகளும் அங்கேயே அதிகம். கொழுந்து பறிக்கும் தாயின் நாட்சம்பளம் அவள் மகளின் சிறுநீரகத்திகளின் தொகையில் எழுதப்படுகின்றது. முன்னுருவாக்கக் கொள்கையை வுல்ப் முறியடித்தார் என்றோம். சமூகம் அதனை வேறு வடிவில் மீட்டெடுத்துள்ளது: குழந்தை கருவறையை விட்டு வெளிவரும் முன்னரே அதன் வர்க்கம் அதன் உறுப்பில் அமைந்துவிடுகின்றது.

சந்தை பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். 1954இல் பொஸ்ரனில் இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்கு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. 1971இல் வேலூரில் இது இந்தியாவுக்கு வந்தது. எண்பதுகளில் உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வந்ததும், உறவினரல்லாதாரின் உறுப்பும் பயன்படுமென்றாயிற்று. அக்கணமே அது பண்டமாயிற்று. சென்னை வில்லிவாக்கம் 'கிட்னிவாக்கம்' எனப் பெயர்பெற்றது. இலங்கையில் 1987இன் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றீட்டுச் சட்டமும், இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் விற்பனையைத் தடைசெய்தன. 2001இற் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ந்தபோது, பெரும்பான்மையினர் பெண்கள் எனவும், 96 வீதத்தினர் கடன் தீர்க்கவே விற்றனர் எனவும் தெரிந்தது. அவர்கள் பெற்றது சராசரியாக 1,070 டொலர். விற்ற பின்னர் குடும்ப வருமானம் மூன்றிலொரு பங்கு வீழ்ந்தது. நான்கில் மூவர் இன்னும் கடனிலேயே இருந்தனர். 2007இல் எண்ணூரை அடுத்த எர்ணாவூரில், கடற்கோளால் இடம்பெயர்ந்த மீனவப் பெண்கள் விற்றமை வெளிவந்தது. 2016இல் நல்கொண்டாப் பொலிசார் வெளிக்கொணர்ந்த வலையின் மறுமுனை கொழும்பில் இருந்தமையால், வெளிநாட்டவர்க்கான மாற்றீடுகளை இலங்கை அரசு நிறுத்தி வைத்தது. 2025இல் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளரின் பெயர் இவ்வரிசையிற் சேர்ந்தது. கடனாளி நெசவாளி, கடனாளி மீனவர், கடனாளி விவசாயி: உழைப்புச் சக்தியை விற்றுத் தீர்ந்தபின் உழைக்கும் உடலையே விற்கும் நிலை இது.

உறுப்புரு இச்சந்தையை ஒழிக்கும் என்று நம்புவோர் உளர். வழங்கல் பெருகினால் விலை வீழும் என்பது அவர் கணக்கு. ஆயின், கலத்தை வளர்க்கும் முறைகள் காப்புரிமைக்குட்பட்டவை. வளர்க்கும் பதார்த்தங்கள் ஒரு சில நிறுவனங்களிடமே உள. குருதிச் சுத்திகரிப்பு இயந்திரம் 1943இல் ஒல்லாந்தில் கொல்ப் என்பவரால் ஆக்கப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதற்காக விவசாயி பதவியாவிலிருந்து பேருந்தேறுகின்றான்.

எனினும் உறுப்புருவுக்கு இன்றே செய்யத்தக்க வேலையொன்று உண்டு. அது மாற்றீடு அன்று. மருந்துகளின் நச்சுத்தன்மையையும் பரம்பரைச் சிறுநீரக நோய்களையும் ஆராய்வதற்கு மேல்நாட்டு ஆய்வுகூடங்கள் ஏற்கெனவே அதனைப் பயன்படுத்துகின்றன. மதவாச்சி விவசாயியின் கைப்பிடியளவு குருதியிலிருந்தே மூலவுயிர்க்கலங்களைப் பெற்று, அவரது சிறுகுழாய்களையே தட்டில் வளர்த்து, அவர் கிணற்று நீரையும் அவர் வயலிற் தெளித்த மருந்தையும் கட்மியத்தையும் புளோரைட்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் அவற்றின்மீது சோதிக்கலாம். முதிராத இழையம் தரும் விடை முழுமையானதாக இராது. வெயிலையும் தாகத்தையும் தட்டில் இடவும் இயலாது. ஆயினும் முப்பது ஆண்டுகளாக ஆணைக்குழுக்களும் இறக்குமதியாளரும் மாறிமாறி மறுத்துவரும் வினாவொன்றின் ஒரு பகுதிக்கேனும் சான்று கிடைக்கும். அதற்கு வேண்டிய மாணவர் கின்சி வீதியிலும் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் இருக்கின்றனர். அவ்வாய்வின் முடிவு விவசாயிக்குச் சிங்களத்திலும் தமிழிலும் சொல்லப்பட வேண்டும். 'உறுப்புரு' பொருந்தாதெனில் வேறு சொல் ஆக்கிக்கொள்ளலாம்.